எங்கள் தெருவின் தூக்க மார்க்

ஒரு புதன்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்த என்னை எதிர்வீட்டு அக்கா கைதட்டிக் கூப்பிட்டார். முகத்தில் நல்ல கோபம்.

“ஏம்மா, நாங்க இன்னா தூங்காத ஜனமா? எதுக்கு எங்க ஏரியாவ மட்டும் கீழ இறக்கி வச்சிருக்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி எங்கள் கூடத்தைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். சுவரில் அப்பாவின் டிவி. அதில் என் அலுவலக வேலை, முந்தைய நாள் விட்டபடியே. பெங்களூரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பட்டை. பெரும்பாலானவை நடுக்கோட்டுக்கு மேலே பச்சையாக நிமிர்ந்து நின்றன. ஈஜிபுராவின் பட்டையோ சிவப்பாக, கோட்டுக்குக் கீழே வௌவால் மாதிரித் தொங்கியது.

ஈஜிபுராவில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் மூன்று மாடி, நான்கு மாடி. மேலே போகப் போக ஒவ்வொரு வீடும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். இரண்டாவது மாடியில் இருக்கும் எங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடி தூரம்தான். எங்கள் டிவியை அவர் ஜன்னலிலிருந்து எங்களைவிடத் தெளிவாகப் பார்க்கலாம்.

ஆனால் அந்த டிவியில் என் வேலை ஏன் ஓடியது என்பதைச் சொல்லவேண்டும்.

நான் பார்ப்பது புள்ளிவிவர வேலை. ஆபீஸ் தொம்மலூரில். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்கள் தொழிலில் நோட்புக் என்று ஒன்று உண்டு. காகித நோட்டு இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. அதில் நாலு வரி விளக்கம் எழுதலாம். அதற்குக் கீழே கணக்குப் போடும் நிரலை எழுதலாம். நிரல் போட்ட கணக்கின் விடையும் வரைபடமும் அதற்குக் கீழேயே வந்து உட்காரும். படிக்கிறவருக்கு ஒரே பக்கத்தில் எல்லாம் கிடைத்துவிடும்.

மற்றவர்கள் அதை பிரவுசரிலேயே எழுதுவார்கள். எனக்கு அது ஒத்துவராது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் தெரிகிற ஒரு பழைய எடிட்டரில் எழுதித்தான் எனக்குக் கை பழகியிருக்கிறது. அதில் ஒரு தொல்லை, வரைபடம் தெரியாது. அதைப் பார்க்க பிரவுசருக்குப் போய் நோட்புக் முழுவதையும் மறுபடி ஓட்டவேண்டும். ஒரு கமாவை மாற்றினால்கூட அது முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடும். சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்குள் நான் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதே எனக்கு மறந்துபோகும்.

அதனால் நானே ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் பிரவுசர் திறந்திருக்கும். எடிட்டரில் சேமித்தவுடன், எந்த வரி மாறியது, அதை நம்பி இருக்கும் கணக்கு எது என்று பார்த்து அதை மட்டும் திரும்பப் போடும். மற்ற விடைகள் ஏற்கெனவே போட்டு வைத்தவை, அப்படியே இருக்கும். பிரவுசரிலும் முழுப் பக்கத்தைப் புதிதாக வரையாமல் மாறிய படத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் படம் மாறியிருக்கும். முதல் முறை அது வேலை செய்தபோது நான் சேமிப்பதையும் பார்ப்பதையும் திரும்பத் திரும்பச் செய்து, ஸ்விட்சை அழுத்தி அழுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசில் காட்டினேன். எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடச் சின்னவர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர்.

“சூப்பருங்க,” என்றார். “ஆனா இப்ப யாருங்க எடிட்டர்ல எழுதறாங்க?”

அத்தோடு முடிந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் என் மானிட்டர் புகைந்து அணைந்தது. ஆபீசில் புதியது கேட்டிருந்தேன், வரும் என்றார்கள். அதுவரைக்கும் என்று அப்பாவின் டிவியில் லேப்டாப்பின் ஒயரைச் செருகினேன். எடிட்டர் மடியில், பிரவுசர் சுவரில்.

அப்பா மாநில அரசு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அவரும் மட்டும்தான் வீட்டில். பகல் முழுக்க அவருக்கு நியூஸ் பார்க்கவேண்டும். டிவியை எடுத்துக்கொண்டதற்குச் சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, நியூஸைப் பார்ப்பது போலவே என் வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

“ஜெயநகர் இன்னிக்கு ஏறியிருக்கே?”

“யாரை விடறது, யாரைச் சேர்க்கறதுன்னு வடிகட்டுறதை மாத்தினேன்பா.”

“அதானே பார்த்தேன். நேத்து இவ்ளோ இல்ல.”

எங்கள் வாடிக்கையாளர் ஒரு மெத்தைக் கம்பெனி. அவர்கள் மெத்தை வாங்கியவர்களிடம் காலையில் போனில் ஒரு கேள்வி வரும்: நேற்று எப்படித் தூங்கினீர்கள்? பத்துக்கு ஒரு மார்க் போடவேண்டும். எந்தப் பகுதியில் தூக்கம் குறைவு, எங்கே விளம்பரம் வைக்கலாம் என்று அதிலிருந்து கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. நடுக்கோடு என்பது ஊரின் சராசரி. ஈஜிபுரா அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இதைத்தான் வாயில் பிரஷ்ஷோடு அக்காவிடம் விளக்கப் பார்த்தேன்.

“அக்கா, அது மைனஸ் தூக்கம் இல்ல. சராசரியவிட கொஞ்சம் கம்மி.”

“கோட்டுக்குக் கீழ கீதா இல்லியா?”

“கீழதான் இருக்கு. ஆனா…”

“அப்ப மைனஸ்தான். தொம்மலூர் மேல கீது. என் நாத்தனார் தொம்மலூர்தான். அவ பார்த்தான்னா நாறடிச்சிருவா.”

அக்கா ஒரு பெரிய ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மதியம் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். காலை முழுக்க வீட்டில் இருப்பார். ஒரு வாரமாகவே சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் எங்கள் டிவியைப் பார்த்திருக்கிறார். அது என்ன என்று அவர் கேட்டதற்கு, எந்தெந்த ஏரியாவில் யார் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது என அப்பா ஜன்னல் வழியாக விளக்கியிருக்கிறார். என் நிரலின் வேகம் விஷயத்தை இன்னும் கெடுத்திருந்தது. நான் ஒரு எண்ணை மாற்றிப் பார்க்க மாற்றிப் பார்க்க ஈஜிபுராவின் பட்டை துள்ளி மேலே போவதும் தொப்பென்று விழுவதுமாக இருந்திருக்கிறது. எனக்கு அது சோதனை. அவர்களுக்கு கிரிக்கெட் மேட்ச். அவர்களுக்கு என்று சொல்வதற்குக் காரணம், அதற்குள் அக்கா வீட்டுக்கு மேல்மாடியும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியும்கூடப் பார்க்கத் தொடங்கியிருந்தன.

அன்று சாயங்காலமே வீட்டு ஓனர் மாடியேறி வந்தார். கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் கன்னடம் பாதி கலந்துவிடும்.

“ஏனம்மா இது? நம்ம ரோடு ஹெசரு, பேரே கெட்டுப் போச்சே! வாடகைக்கு ஆள் வருவாங்களா இனிமே?”

“அங்கிள், இது எங்க ஆபீஸ் கணக்கு. வெளில யாருக்கும் தெரியாது.”

“ரோடு பூரா தெரியுது!”

அதை மறுக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தலாம். சாத்தினால் மார்ச் மாத வெயிலில் கூடம் அடுப்பாகிவிடும். திரைச்சீலை போட்டேன். மறுநாள் காலை அப்பா அதை விலக்கி வைத்திருந்தார். “பாவம், அவங்க பார்த்துட்டிருக்காங்க இல்ல?” என்றார்.

அக்கா ஒரு யோசனை சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. “எங்கள யாரு கேட்டாங்க? எங்கள்ட்ட அந்த மெத்த கெடையாது. ஆனா நாங்களும் தூங்குறோமில்ல? எங்கள்ட்ட கேட்டு எழுது.”

இப்போது நினைத்தால் நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. நான் எழுதிய அந்த நிரலை ஆபீசில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தெருவில் இருபது பேர் காலையில் காபி டம்ளரோடு நின்று பார்த்தார்கள். அலுவலகக் கோப்பைத் தொடாமல், அதன் பிரதி ஒன்றை எடுத்து, அதில் ‘எங்க ரோடு’ என்று ஒரு வரிசை சேர்த்தேன்.

மறுநாள் காலை அக்கா தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் மார்க்கைச் சொன்னார். “எனக்கு ஏழு!” நான் ஏழு என்று அடித்துச் சேமித்தேன். அவர் வாயை மூடுவதற்குள் டிவியில் புதுப் பட்டை ஒன்று முளைத்தது. எதிர்ப்பக்கம் ஒரே கைதட்டல். மொட்டை மாடியிலிருந்து யாரோ விசிலடித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், நான் செய்த எதற்கும் யாரும் விசிலடித்ததில்லை.

அதன் பிறகு தினமும் காலை இதே வேலை. ஜன்னலுக்கு ஜன்னல் மார்க் வரும். பொய்யும் வந்தது. கீழ்வீட்டு ஆட்டோ டிரைவர் பத்து என்றார். அவர் மனைவி உள்ளிருந்து, “பத்தா? ராத்திரி பூரா போன் பார்த்துட்டு கெடந்துது. மூணு போடு!” என்று கத்தினார். கணவன் மனைவி மார்க்கில் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது என்று அப்பா ஒரு விதி போட்டார்: மனைவி சொல்வதே செல்லும். மனைவிகளுக்குக் கணவர்கள் மார்க் போட அனுமதி கேட்டார்கள். நிராகரிக்கப்பட்டது.

ஒரு கட்டத்தில் நான் அடிப்பதை விட்டுவிட்டேன். அப்பா எடுத்துக்கொண்டார். எடிட்டரைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. மௌஸ் இல்லை, பொம்மை இல்லை, அடித்தால் எழுத்து விழுகிறது. தனியாக ஒரு கீபோர்டை லேப்டாப்பில் செருகி அவர் நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்துக் கொடுத்தேன். பத்து விரலாலும் அடிப்பார். விசைகள் உடைந்துவிடுமோ என்று எனக்குத்தான் பயம்.

பட்டை ஏறவேண்டும் என்று தெரு திருந்தத் தொடங்கியது. கேஸ் சிலிண்டர்காரரை, உருட்டாதே, தூக்கிக்கொண்டு வா என்றார்கள். விடியற்காலையில் கிரைண்டர் போடுகிறவர் சாயங்காலத்துக்கு மாறினார். நாய்களுக்கு ராத்திரி சாப்பாடு சீக்கிரமே வைத்துவிடவேண்டும் என்று ஓனரே முன்னால் நின்று ஏற்பாடு செய்தார், வயிறு நிறைந்தால் குரைக்காதாம். நாய்கள் கேட்கவில்லை. ஆனால் பட்டை ஏறியது. மக்கள் நன்றாகத் தூங்கினார்களா, மார்க்கைக் கூட்டிச் சொன்னார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தொம்மலூரை நாங்கள் தாண்டிய அன்று அக்கா நாத்தனாருக்கு வீடியோ கால் போட்டு டிவியைக் காட்டினார். ஓனர் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

இதெல்லாம் தெருவுக்குள்ளேயே நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

மெத்தைக் கம்பெனியோடு எங்களுக்கு வாராந்தர மீட்டிங் உண்டு. அந்த வாரம் டீம் லீடர், “உங்க அந்த வேகமான ஐட்டத்தையே நேரா ஷேர் பண்ணிடுங்க, கேள்வி கேட்கக் கேட்க மாத்திக் காட்டலாம்,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரவுசரைப் பகிர்ந்து, சரியான கோப்பைத் திறந்து, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். மறுமுனையில் அந்தக் கம்பெனியின் அதிகாரி. அவருடைய பதவியின் பெயரே தூக்கப் பிரிவுத் தலைவர்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் ஒரு வரி மாற்றிச் சேமித்தேன், படம் பட்டென்று மாறியது. அவர் “அட, அட” என்றார்.

குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. டீம் லீடர் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அணைக்கப் போனேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டு அக்கா ஊரிலிருந்து வந்த தன் தம்பியின் மார்க்கைச் சொல்லியிருக்கிறார். அப்பா கடமை தவறாதவர். தெருக் கோப்பைத் திறந்தார், எட்டு என்று அடித்தார், சேமித்தார். எந்தக் கோப்பைச் சேமித்தாலும் பிரவுசர் தானாகவே அதற்குத் தாவிக் காட்டும். நானே யோசித்துப் பெருமையோடு சேர்த்த வசதி அது.

நான் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன். திரையில் ‘எங்க ரோடு’ ஊரிலேயே உயரமான பட்டையாக நின்றது.

“இது எந்த ரோடு?” என்றார் தூக்கப் பிரிவுத் தலைவர்.

“எங்க ரோடு சார், ஈஜிபுராவுல,” என்றேன்.

“இங்க நம்ம மெத்தை எத்தனை போயிருக்கு?”

“ஒண்ணுகூட இல்லைங்க சார்,” என்றேன். பொய் சொல்ல நேரமில்லை.

“ஒண்ணுமே இல்லாமயா இவ்ளோ தூங்கறாங்க?” அவர் குரல் இறங்கிவிட்டது. “நான் நேர்ல வந்து பார்க்கணும்.”

வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே இரண்டு பை. டீம் லீடரும் பைக்கில் வந்து சேர்ந்தார். தெருவே குளித்து நின்றது. நான் கூடத்தில் நாற்காலி போட்டேன். அக்கா விடவில்லை.

“இங்கருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது சார். எங்க வூட்லருந்து பாருங்க. நாங்கல்லாம் அங்கருந்துதான் பார்க்கறது.”

அவர் போனார். அக்கா ஜன்னலோரம் கோரைப்பாயை விரித்தார். சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னார். வெறும் வயிறாக உட்காரவைக்கக்கூடாது என்று களியும் கீரைக் குழம்பும் வைத்தார். அந்தக் களி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைச் சாப்பிட்டுவிட்டு நான் ஒரு முறை பஸ்சில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி நாலு ஸ்டாப் போயிருக்கிறேன். எச்சரித்திருக்கலாம், தோன்றவில்லை.

ஏற்பாடு இதுதான்: அவர் அங்கிருந்து எங்கள் டிவியைப் பார்ப்பார், நான் இங்கிருந்து போனில் விளக்கிக்கொண்டே மாற்றிக் காட்டுவேன். தொடங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் விளக்கியதில்லை. வயது வாரியாகப் பிரித்தேன். வார நாளைத் தனியாக, ஞாயிறைத் தனியாக. நூறு வரி தள்ளி ஒரு எண்ணை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் படம் இமைப்பதற்குள் மாறியது. “பார்த்தீங்களா சார்? முழுசா ஓட்டவே இல்ல. மாறினதை மட்டும்தான் மாத்துது. இப்ப நிறத்தை மாத்தறேன், பாருங்க. மறுபடியும் பாருங்க.”

டீம் லீடர் என் தோளைத் தொட்டார். “போன்ல என்னங்க சத்தம்?”

கேட்டேன். சீராக, ஆழமாக, ஏறி இறங்கி வந்தது.

“குறட்டை,” என்றார் அப்பா.

ஜன்னலுக்கு ஓடினேன். எதிரே அவர் பாயில் சரிந்து படுத்திருந்தார். அக்காவின் கைப்பை தலைக்கு. அக்கா பக்கத்தில் நின்று உதட்டில் விரல் வைத்து என்னை முறைத்தார்.

அதன் பிறகு எங்கள் தெருவில் நடந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஓனர் தெருமுனைக்கு நடந்து போய், ஸ்பீக்கர் கட்டிய தக்காளி வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தினார். ஆட்டோ டிரைவர் சவாரி முடிந்து வந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். துணி துவைக்கிற கல்லில் சத்தம் நின்றது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கிக்கொண்டு அதன் அம்மா அடுத்த தெருவுக்கே போய்விட்டார். ஈஜிபுராவில் மதியம் காக்கை கத்துவது கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டீம் லீடர் கிளம்பப் பார்த்தார். கீழே போய் பைக்கில் சாவி போட்டவரை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பி மேலே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா அவரிடம் கிசுகிசுப்பாகத் தன் சர்வீஸ் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்.

அக்காவுக்குத்தான் கஷ்டம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அடையாள அட்டை கைப்பையில், கைப்பை அவர் தலைக்கடியில். உருவப் பார்த்தார், அவர் முனகினார், விட்டுவிட்டார். படிக்கட்டில் போய் நின்று மேனேஜருக்குப் போன் செய்தார். எனக்குக் கேட்டது.

“சார், இன்னிக்கு வர முடியாது. வூட்ல மெத்தை கம்பெனி ஆபீசர் தூங்கினு கீறாரு… இல்ல சார், சொந்தக்காரரு இல்ல… பாயில சார்… கார்டு அவரு தலைக்குக் கீழ கீது… சத்தியமா சார்.”

நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் சேமித்தேன். படம் உடனே வந்து நின்றது. பார்க்கவேண்டியவர் கண்ணை மூடியிருக்கும்போது அது எவ்வளவு வேகமாக வந்தால்தான் என்ன என்று தோன்றியது. ஆனாலும் வருத்தம் வரவில்லை. அவர் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினார்.

வெயில் இறங்கும் நேரத்தில் எழுந்தார். “எந்த ஸ்டேஷன்?” என்று கேட்டார். அக்கா, “ஈஜிபுரா சார்,” என்றார். கொஞ்ச நேரம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல்களில் எல்லோரும் நிற்பது அப்புறம்தான் அவர் கண்ணில் பட்டது.

அப்பா இந்தப் பக்கமிருந்து விரல்களை விசைகளில் வைத்தபடி கூப்பிட்டார். “எத்தனை சார்?”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிஜமாகவே யோசித்தார். “பத்து,” என்றார், மிக மெதுவாக.

அப்பா அடித்தார். பட்டை குதித்து மேலே போனது. தெரு அடக்கி வைத்திருந்த சத்தம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. தக்காளி வண்டிக்காரர் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

அந்தச் சத்தத்தில் தூக்கப் பிரிவுத் தலைவர் முழுசாக விழித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அதை எடுத்துடுங்க! நான் பாயில தூங்கினது எங்க ஹெட் ஆபீசுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்!”

“ஒரு தடவை பதிவானதைத் திருத்த முடியாது சார்,” என்றார் அப்பா. முப்பது வருடம் அரசு ஆபீசில் சொன்ன வாக்கியம் அது, தங்குதடையின்றி வந்தது.

நான் கீபோர்டை வாங்கி அந்த வரியை அழித்தேன். பட்டை ஏறிய வேகத்தில் இறங்கியது. “ஏய்!” என்று தெரு கத்தியது. அவருடைய வேலையா, எங்கள் மார்க்கா என்று அக்காவும் ஓனரும் ஜன்னல் வழியாக வாதாடினார்கள். கடைசியில் அவர் தன் வீட்டுத் தூக்கத்துக்கு எத்தனை மார்க் போடுவார் என்று அக்கா கேட்டார். “ரெண்டு,” என்றார் அவர். “ரெண்டு மூணுக்கு மேல போனதில்ல. ஏழு மெத்தை மாத்திட்டேன்.” அதற்குப் பிறகு யாரும் அந்தப் பத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ஓனரே போய் அவருக்குத் தெருமுனைக் கடையில் டீ வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஆபீசுக்கு மெயில் வந்தது. ஆய்வில் திருப்தி, ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது, ஈஜிபுராவை மட்டும் வரைபடத்திலிருந்து நீக்கிவிடவும், அங்கே விற்பனைக்கு வாய்ப்பில்லை. தூக்கப் பிரிவுத் தலைவர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: அந்த வேகமான நிரல் எங்கள் ஆட்களுக்கும் வேண்டும். டீம் லீடர் அதை எல்லோருக்கும் அனுப்பினார். இப்போது தொம்மலூர் ஆபீசில் பாதிப் பேர் எடிட்டரில் எழுதுகிறார்கள். யாரும் விசிலடிப்பதில்லை, ஆனால் உபயோகிக்கிறார்கள்.

மானிட்டரும் வந்தது. உள் அறையில் மேசை போட்டு வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு நியூஸ் திரும்பக் கிடைத்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒன்றுமே மாறவில்லை என்று அணைத்துவிட்டார்.

ஒரு காலை அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இன்னாம்மா, எடுத்துட்ட? இப்ப எழுந்திருச்சா, எப்படித் தூங்குனோம்னே தெரிய மாட்டேங்குது.”

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கையை ஆட்டினார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

“அந்த ஆபீசர் போன் பண்ணாரு. சனிக்கிழமை வர்லாமான்னு. வாங்க, ஆனா ரெண்டு மணிக்குள்ள எழுந்திரிச்சிடணும், எனக்கு டூட்டி கீதுன்னுட்டேன்.”

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். காரைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். அக்குளில் ஒரு தலையணை. கம்பெனி முத்திரை தெரியாமல் அதற்குப் பழைய வேட்டியைச் சுற்றியிருந்தார். என்னை ஜன்னலில் பார்த்ததும் வெட்கத்தோடு தலையசைத்துவிட்டுப் படியேறினார். அக்கா பாயை உதறும் சத்தம் கேட்டது. அப்பா போய் எங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.